யானையைத் தாங்கிய டிரில் மாஸ்டர்



ஆஸ்திரேலியாவில் விறகு வெட்டுறது ஒரு விளையாட்டு. நிஜமாத்தான்! டாஸ்மேனியா தீவில் லாட்ரோப் என்ற ஊரில் 1891-ல் பெரிய போட்டியே நடந்திருக்கிறது. யார் முதலில் கட்டையை இரண்டாக வெட்டுகிறாரோ அவருக்குப் பரிசுப் பணம். அதையே தொழிலாகச் செய்கிறவர்களும் உண்டு. லீவுக்கு அடையாறு அத்தை வீட்டுக்குப் போனபோது இதைச் சொன்னேன். அத்தைக்கு ஒரே சிரிப்பு. நம்ம பக்கம் சவுக்குக் கட்டை பிளக்கிறவருக்குக் கூலி மட்டும்தானே, கப்பு யார் தர்றாங்க?

அப்படியென்றால் உடம்பு பலத்தையே தொழிலாக வைத்துப் பேர் வாங்கினவர் நம்ம நாட்டில் யாருமே இல்லையா என்று தேடினேன். கிடைத்தவர்தான் கோடி ராமமூர்த்தி நாயுடு. தெலுங்குக்காரர். ஆனால் அவர் பயிற்சிக்கு வந்தது எங்கே தெரியுமா? அத்தை வீட்டிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் சைதாப்பேட்டைக்கு. அதே அடையாற்றின் கரைதான்.

அவர் பிறந்த ஊர் வீரகட்டம். ஆந்திராவின் வடக்கு மூலையில் இருக்கிறது. அப்போது அதுவும் சென்னை மாகாணம்தான். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். விஜயநகரத்தில் போலீஸ் வேலையில் இருந்த சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். பையனுக்குப் படிப்பில் மனசு போகவில்லை. மல்யுத்தக் கூடத்தில்தான் இருந்தது. தண்டால், பஸ்கி, குஸ்தி என்று அங்கேயே கிடந்தாராம். இருபத்தொரு வயதிலேயே ஒன்றரை டன் எடையை மார்பில் தாங்கினார் என்று எழுதியிருக்கிறார்கள். அப்புறம் அது மூன்று டன் ஆயிற்றாம்.

சித்தப்பா அவரைச் சென்னைக்கு அனுப்பினார். சைதாப்பேட்டையில் ஒரு வருடம் உடற்பயிற்சி ஆசிரியர் பயிற்சி. முடித்துவிட்டு ஊருக்குப் போய், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் ஆனார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். உலகமே பார்த்த பலசாலி, முதலில் நம்ம பி.டி. சார் மாதிரி விசிலோடு மைதானத்தில் நின்றவர்!

பிறகு வேலையை விட்டுவிட்டு சர்க்கஸ் கம்பெனி ஆரம்பித்தார். தோளிலும் மார்பிலும் இரும்புச் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்துத் தம் கட்டுவார். சங்கிலி தெறித்துவிடும். இரண்டு கைகளிலும் சங்கிலி கட்டி ஆளுக்கொரு பக்கம் கார் இழுக்கும். கார் நகராது. கடைசியில் யானை. படுத்துக்கொண்டு மார்பில் பலகையை வைத்து அதன் மேல் யானையை ஏற்றுவார்கள்.

இது எப்படி முடியும்? ஒரு யானை மூவாயிரம் கிலோகூட இருக்கும். நான் யோசித்துப் பார்த்தேன். அறிவியல் பாடத்தில் அழுத்தம் படித்தோமே, அதே எடை அதிக பரப்பில் விழுந்தால் அழுத்தம் குறையும் என்று. அம்மா குடத்துக்குக் கீழே சும்மாடு வைக்கிற மாதிரிதான் அந்தப் பலகை. பாரம் ஒரே இடத்தில் குத்தாமல் பரவிவிடும். ஆனால் பலகை மட்டும் போதுமா? மார்புக்கூடு உள்ளே அமுங்காமல் நிற்கணும். அதற்குத்தான் பிராணாயாமம். மூச்சை அடக்கி மார்பைக் கல் மாதிரி ஆக்கிக்கொள்வதைப் பல வருஷம் பழகியிருக்கிறார். (தயவுசெய்து யாரும் தம்பியை மார்பில் ஏற்றிப் பார்க்காதீங்க. நான் பார்த்தேன். இருபத்தாறு கிலோவுக்கே கண் இருட்டிடுச்சு.)

இன்னொரு ஆச்சரியம், அவர் சைவம். கறி தின்னாத்தான் பலம் வரும்னு சொல்ற எங்க சித்தப்பா இதைப் படிக்கணும்.

அந்தக் காலத்தில் ஜெர்மனியில் பிறந்த யூஜின் சாண்டோ என்பவர்தான் உலகப் புகழ் பலசாலி. நாம் கையில்லாத பனியனை சாண்டோ பனியன் என்கிறோமே, அது அவர் பேர்தான். ராமமூர்த்தியை இந்தியன் சாண்டோ என்றும் கலியுக பீமன் என்றும் அழைத்தார்கள். லண்டனுக்குப் போய் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையிலும் செய்து காட்டினார். வெள்ளைக்காரன் ஆட்சியில் நம்மாளுக்கு உடம்பில் வலு இல்லை என்று கேலி பேசியவர்கள் உண்டு. அதனால்தான் அவர் கூடாரத்தில் ஜனங்கள் அப்படிக் கைதட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இனி எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. காலில் புண் வந்தது. ஆறவில்லை. கடைசியில் ஒரு காலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஓவியருக்குக் கை மாதிரி அவருக்கு உடம்பு. காலில்லாமல் யானையை எப்படித் தாங்குவது? சர்க்கஸ் போயிற்று. சம்பாதித்த பணமும் கரைந்தது. நிறைய தானம் செய்தவராம், கையில் பெரிதாக எதுவும் தங்கவில்லை. ஒடிசாவில் பலாங்கீர் என்ற ஊரில் கடைசி நாட்களைக் கழித்து, 1942 ஜனவரியில் அங்கேயே இறந்தார்.

போன மாதம் சைதாப்பேட்டைப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றபோது ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன்டி ஒரே அமைதியா இருக்கே என்று அத்தை கேட்டாங்க. ஒண்ணுமில்லத்த என்று சொல்லிவிட்டேன்.

விசாகப்பட்டினம் கடற்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஸ்ரீகாகுளத்தில் மைதானத்துக்கு அவர் பேர். கீழே இருக்கும் படம் நான் வரைந்தது. மீசை சரியா வரலை, மன்னிக்கவும்.