பழைய இரும்பு புது எஃகு ஆவது எப்படி? மின் உலை தந்த பால் எரூவின் கதை

காயலான் கடைக்குப் போகும் பழைய பைக், துருப்பிடித்த கேட், உடைந்த கம்பி... இதெல்லாம் மறுபடியும் புது எஃகாக வருவதற்கு முக்கியக் காரணம் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் பால் எரூ.

1863-ல் பிரான்சின் நார்மண்டியில் பிறந்தவர். பாரிஸ் சுரங்கக் கல்லூரியில் சேர்ந்தார், படிப்பை முடிக்கவில்லை. அப்பாவுடைய தோல் பதனிடும் தொழிற்சாலையிலேயே மின்சாரத்தை வைத்துச் சோதனைகள் செய்தார். 1886-ல், 23 வயதில், மின்சாரத்தால் அலுமினியம் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டார். கூத்து என்னன்னா, அதே 1863-ல் பிறந்த அமெரிக்கர் சார்லஸ் ஹால், அதே 1886-ல் அதே முறையைத் தனியாகக் கண்டுபிடித்திருந்தார். அமெரிக்கக் காப்புரிமை ஹாலுக்கே போனது.

எரூ அதோடு நிற்கவில்லை. அடுத்து கையை வைத்தது எஃகில்!

ஆல்ப்ஸ் மலையில் லா பிராஸ் என்ற ஊர். ஆற்று நீரில் இருந்து மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும். அங்கேதான் 1900-ல் தன் மின் உலையில் எஃகு தயாரித்துக் காட்டினார்.

வேலை நடப்பது இப்படித்தான். உலைக்குள் பழைய இரும்பைக் கொட்டுவார்கள். மேலே இருந்து கனமான கார்பன் தண்டுகள் இறங்கும். தண்டுக்கும் இரும்புக்கும் நடுவே மின்னல் மாதிரி மின்சாரம் பாயும். அந்த இடத்தில் வெப்பம் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எஃகு உருக சுமார் 1,500 போதும். சுண்ணாம்பு போட்டால் கந்தகமும் பாஸ்பரஸும் கசடாக மேலே வந்துவிடும்.

மின் உலை யோசனை அவருக்கு முன்பே வில்லியம் சீமென்ஸுக்கு இருந்தது. ஆனால் அதைத் தொழிற்சாலையில் ஓடவிட்ட பெருமையில் பெரும்பங்கு எரூவுக்குத்தான். 1906-ல் அமெரிக்காவின் சிராகியூஸ் நகருக்கும் அவரது உலை போனது. தொடக்கத்தில் இதில் செய்தது விலை உயர்ந்த கருவி எஃகு. சாதாரணக் கம்பி வரை வந்தது பல பத்தாண்டுகள் கழித்து.

1914 மே மாதம், 51 வயதில் எரூ இறந்தார். ஹாலும் அதே ஆண்டு டிசம்பரில் இறந்தார்.

இன்று அமெரிக்க எஃகில் சுமார் 70 சதவீதம் மின் உலையில் உருவாகிறது. நிலக்கரி வழியில் ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கினால் அதில் சிறு பங்குதான். மின்சாரமே நிலக்கரியில் இருந்து வந்தால் லாபம் குறையும், அது வேறு கதை.

எரூவின் உலைக்கு அடங்காத ஒன்றும் இருக்கு: செம்பு. பழைய கார் மோட்டாரில் இருக்கும் செம்புக் கம்பி இரும்போடு உருகிக் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது ரொம்பக் கஷ்டம். அளவு கூடினால், சூடாக உருட்டும்போது எஃகில் விரிசல் விழும். அதனால் உலைக்குப் போவதற்கு முன்பே, குவியலில் இருந்து செம்பைப் பொறுக்கி எடுத்தாக வேண்டும்.