சுண்ணத்தூளில் நிறம் பிரித்தவர்

போன செமஸ்டர் டி.எல்.சி. பிராக்டிகலில் நான் பண்ணின கூத்து நம்ம பேட்ச் பூராவுக்கும் தெரியும். சிலிக்கா ஜெல் பிளேட்டில் அடிக்கோட்டைப் பென்சிலில் போடாமல் பால்பாயின்ட் பேனாவில் போட்டுத் தொலைத்தேன். சால்வென்ட் ஏற ஏற, கீரைச் சாறோடு பேனா மையும் கூடவே ஏறி, பிளேட் முழுக்க நீலம். ரீடிங் போச்சு! லேப் சார் திட்டவில்லை. இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவர் யார் என்று படித்துவிட்டு வரச் சொன்னார். அப்படித்தான் மிகைல் ஸ்வெட் எனக்கு அறிமுகமானார்.

1872-ல் இத்தாலியின் ஆஸ்தி நகரில் பிறந்தவர். அப்பா ரஷ்யர், அம்மா இத்தாலியப் பெண்மணி. பிறந்த கொஞ்ச நாளிலேயே தாயை இழந்து, சுவிட்சர்லாந்தில் வளர்ந்தார். 1896-ல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு ரஷ்யா போனார். அங்கேதான் முதல் அடி. ஜெனீவா பட்டம் இங்கே செல்லாது என்றுவிட்டார்கள்! டாக்டர் பட்டம் வாங்கினவர் மறுபடி முதுகலைக்கு உட்கார்ந்து, 1901-ல் கசான் பல்கலைக்கழகத்தில் தேறினார். அடுத்த வருஷம் வார்சாவில் கிடைத்தது வெறும் லேப் அசிஸ்டென்ட் வேலை. டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்கு அலைந்த நம் சீனியர்களைக் கேளுங்கள், அந்த வலி புரியும்.

ஆனால் அந்த லேப்பில்தான் விஷயம் நடந்தது. ஒரு கண்ணாடிக் குழாயில் கால்சியம் கார்பனேட் தூளை, அதாவது நம்ம சுண்ணத்தூளை, இறுக்கி அடைத்தார். மேலே இலைச் சாறை ஊற்றி, பிறகு சால்வென்டை விட்டார். பச்சை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லும் நிறம் குழாய்க்குள் தனித்தனி வளையமாக நின்றது. குளோரோபில் ஒன்றல்ல, இரண்டு! தூளோடு ஒட்டாத கரோட்டின் முதலில் இறங்கி ஓடிவிட்டது. தூளோடு எது எவ்வளவு ஒட்டுகிறதோ அந்த அளவுக்கு அது பின்தங்கும். இதை 1903-ல் வார்சா அறிஞர் சபையில் சொன்னார். 1906-ல் குரோமட்டோகிராபி என்று பெயரும் வைத்தார். கிரேக்கத்தில் குரோமா என்றால் நிறம். ரஷ்ய மொழியில் ஸ்வெட் என்றாலும் நிறம்தான். மனுஷன் தன் பெயரையே உள்ளே ஒளித்து வைத்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

யாரும் நம்பவில்லை. ஒரு தாவரவியல்காரர் வேதியியலாருக்குப் பாடம் நடத்துவதா என்ற நினைப்பு போலும். குளோரோபில் ஆராய்ச்சியில் பெரிய புள்ளியான வில்ஸ்டாட்டரும் இந்த முறையை ஏற்கவில்லை. 1915-ல் நோபல் பரிசு வில்ஸ்டாட்டருக்கு. அதே 1915-ல் முதல் உலகப் போர் வார்சாவுக்குள் வந்தது. 1908 முதல் அங்குள்ள பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திவந்த ஸ்வெட் (ஆமாம், பாலிடெக்னிக்தான்!) எல்லாவற்றையும் விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. மாஸ்கோ, நீஷ்னி நோவ்கரோட், தார்த்து என்று அலைச்சல். தார்த்துவில் பேராசிரியர் பதவி கிடைத்த மறுவருஷமே அங்கேயும் ஜெர்மன் படை. 1919-ல் வோரோனேஷ் நகரில் இறந்தபோது வயது 47.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 1931-ல், ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் கூன் என்பவரின் லேப்பில் அந்தக் குழாய் மறுபடி நின்றது. கூன் யார் தெரியுமா? வில்ஸ்டாட்டரின் மாணவர்! 1938-ல் கார்கிவ் நகரில் இஸ்மாயிலோவும் ஷ்ரைபரும் குழாயைத் தூக்கிப்போட்டுவிட்டு, கண்ணாடித் தகட்டில் தூளை மெல்லிசாகப் பரப்பி மூலிகை மருந்துச் சாறுகளைச் சோதித்தார்கள். 1950-களில் ஸ்டால் அதை ஒழுங்குபடுத்தினார். அதுதான் நம்ம டி.எல்.சி. ரியாக்‌ஷன் முடிந்ததா, மாத்திரையில் கலப்படமா என்று அரைமணியில் சொல்லிவிடுகிறது.

சார் எனக்கு இன்னொரு பிளேட் கொடுத்தார். இந்தத் தடவை பென்சில். உச்சியில் கரோட்டினின் மஞ்சள், நடுவில் இரண்டு பச்சை, அதற்கும் கீழே சாந்தோபில். பிளேட்டை ரெக்கார்டு நோட்டில் ஒட்டி, ஓரத்தில் சின்னதாக 1903 என்று எழுதி வைத்தேன். எக்ஸ்டர்னல் அது என்ன நம்பர் என்று கேட்டார்.