மண்ணில் கிடைத்த மருந்து, மண்ணிலேயே இருந்த எதிர்ப்பு: யார் இந்த செல்மன் வாக்ஸ்மன்?

காசநோய் வந்தால் நல்ல சாப்பாடு, ஓய்வு, சுத்தமான காற்று. இதைத் தாண்டி டாக்டர்களிடம் பெரிதாக எதுவும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அதை மாற்றிய மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். அதோடு சேர்த்தே பேசப்படும் பெயர் செல்மன் வாக்ஸ்மன்.

மண்ணைப் படித்தவர்

1888-ல் இன்றைய உக்ரைனில் உள்ள ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். 1910-ல் அமெரிக்கா போனார். ரட்கர்ஸ் கல்லூரியில் விவசாயம் படித்து, பின்னர் அங்கேயே பேராசிரியரானார். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள்தான் அவருடைய உலகம். அவை ஒன்றையொன்று அழிக்கச் சுரக்கும் பொருளையே மருந்தாக்கலாம் என்று நம்பினார்.

கண்டுபிடித்தது யார்?

1943 அக்டோபரில், அவருடைய ஆய்வகத்தில் 23 வயது மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைச் சுரக்கும் நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தார். ஆனால் பேரும் புகழும் பேராசிரியருக்கே போனது. 1950-ல் ஷாட்ஸ் வழக்குப் போட்டார். சமரசத்தில் இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற அங்கீகாரமும் ராயல்டியில் பங்கும் கிடைத்தன. ஆனாலும் 1952 நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே. இந்த சர்ச்சை இன்றுவரை தீரவில்லை.

கிருமி விடவில்லை

1948-ல் வெளியான பிரிட்டன் ஆய்விலேயே சிக்கல் தெரிந்தது. இந்த மருந்தை மட்டும் கொடுத்தபோது, சில மாதங்களில் பலரிடம் காசநோய்க் கிருமி அதற்கு அடங்க மறுத்தது. மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதே தீர்வானது. சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஐசோனியாசிட் மருந்தோடு ஸ்ட்ரெப்டோமைசினை வாரம் 2 முறை கொடுத்துப் பார்த்தது.

காசநோய்க் கிருமி தன் உடம்பில் மருந்து ஒட்டும் இடத்தையே மாற்றிக்கொள்கிறது. வேறு பல பாக்டீரியாக்களின் வழி வேற. ஒரு நொதியைச் சுரந்து, மருந்தின் மேல் பாஸ்பேட் மாதிரி ஒரு சின்னத் துண்டை ஒட்டிவிடும். சாவியில் மெழுகு ஒட்டினால் பூட்டுக்குள் நுழையாது இல்லையா, அதே கதைதான். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகளும் இப்படித்தான் தோற்கின்றன.

1973-ல் வந்த செய்தி

இந்த நொதிகள் எங்கிருந்து வந்தன? மருந்தைச் சுரக்கும் மண் நுண்ணுயிரிகளிடமே, தன் விஷம் தன்னைக் கொல்லாமல் காக்க, இதே மாதிரி நொதிகள் இருப்பதை 1973-ல் விஞ்ஞானிகள் காட்டினார்கள். கிருமிகள் அங்கிருந்தே அதைப் பெற்றிருக்கலாம் என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வாக்ஸ்மன் காலமானார்.

அவர் மருந்து தேடிய மண்ணிலேயே, அதை முறிக்கும் வித்தையும் இருந்திருக்கிறது. ஆன்டிபயாட்டிக்கைக் கண்டபடி எடுத்தால், அந்த வித்தை தெரிந்த கிருமி மட்டுமே மிஞ்சும்.