ராய் லிக்டென்ஸ்டைன் சரித்திரச் சுருக்கம்

பத்திரிகைச் சித்திரக் கதைகளைப் பெருஞ்சீலைகளில் எழுதிப் புகழும் பழியும் ஒருங்கே எய்திய ராய் லிக்டென்ஸ்டைன், 1923-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் நியூயார்க் மாநகரிற் பிறந்தார். ஒகையோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் ஓவியம் பயிலுங்கால் ஹாய்ட் ஷெர்மன் என்பார் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். அவர் மாணாக்கரை இருளறையில் இருத்தித் திரையில் ஓர் உருவை இமைப்பொழுதே காட்டி மறைப்பார். கண்டதை மாணாக்கர் அவ்விருளிலேயே வரைதல் வேண்டும். கண் காண்பது ஒன்று, மனம் அதனை அமைத்துக் கொள்வது ஒன்று என்னும் அறிவு இங்ஙனம் இளமையிலேயே வேரூன்றிற்று.

பின்னர்ப் போர்ப்பணியும் ஆசிரியப் பணியுமாகப் பல்லாண்டு கழிந்தன. 1961-இல் மிக்கி எலியையும் டொனால்ட் வாத்தையும் அச்சுப் புள்ளிகளோடு வரைந்தார். பாப் கலையின் தலைவருள் ஒருவரானார். அவர் எடுத்தாண்ட கதைப்படங்களை முதலில் வரைந்தோர்க்குப் பெயரும் பொருளும் கிட்டவில்லை. அவர்தம் மனக்குறை நேரியதே என்பது எம் கருத்து.

முதுமையில் அவர் வகுத்த ‘வீடு 1’ என்னும் சிற்பத்தில் அத்தகைய வழக்கிற்கு இடமில்லை. அலுமினியத்தாலாய அவ்வீட்டின் மூலை, எதிர்நிற்பாரை நோக்கிப் புடைத்துத் தோன்றும். உண்மையிலோ அது விரித்த புத்தகத்தின் நடுமடிப்பென உள்வாங்கியுள்ளது. சுவர்களின் ஓரங்களே முன்வந்து நிற்கின்றன. காண்பார் நடப்பின் வீடும் உடன் திரும்பும்! காரணம் யாதோவெனின், நம் புதூர்நாட்டு மலைவழியிற் செல்வார், அருகிலுள்ள மரங்கள் விரைந்து பின்னிடச் சேய்மைக் குன்றம் தம்முடன் வருதலைக் காண்பர். அவ்வளவை கொண்டும் மனம் அண்மை சேய்மைகளைத் தெளிகின்றது. இவ்வீட்டிலோ அண்மையதென மனம் கொண்ட மூலை சேய்மைப் பொருள்போல் மெல்லப் பெயர்கின்றது. அம்முரண் தீர, வீடே சுழல்வதாக மனம் கொள்கின்றது.

தாராசுரத்துக் கோயிலில் 12-ஆம் நூற்றாண்டுச் சிற்பி எருதிற்கும் யானைக்கும் ஒரே தலையைப் பொதுவாக்கினான். அங்கே ஓர் உடலைக் கையால் மறைப்பின் மற்றது தெளிவாகும். இங்கே உண்மை அறிந்த பின்னரும், பக்கத்திற் சென்று நோக்கினாலன்றி, மயக்கம் நீங்குவதில்லை.

1996-இல் இதற்கு உருமாதிரி அமைத்த லிக்டென்ஸ்டைன், 1997 செப்டம்பர் 29-ஆம் நாள் நியூயார்க்கில் நுரையீரல் அழற்சியால் இறந்தார். வீடு மறு ஆண்டிலேயே செய்து முடிக்கப்பெற்றது. வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தின் சிற்பத் தோட்டம் 1999-இல் திறக்கப்பெற்றது. அங்குள்ள புல்வெளியில் அவ்வீடு நிற்கின்றது.