ஜேம்ஸ் சிரியாக்ஸ்

ஜேம்ஸ் ஹென்றி சிரியாக்ஸ் (1904 – 1985) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். தசை, தசைநாண், மூட்டுப் பந்தகம், முள்ளெலும்பிடை வட்டு (டிஸ்க்) ஆகியவற்றில் தோன்றும் வலிகளை அறுவை மருத்துவம் இன்றிக் கண்டறிந்து நீக்கும் முறைகளை ஒழுங்குபடுத்தி, ஆர்த்தோபீடிக் மெடிசின் என்னும் துறையை உருவாக்கியவர். முதுகெலும்பைக் கையால் அசைத்துச் சரிசெய்யும் சிகிச்சையை (மேனிபுலேஷன்) இயன்முறை மருத்துவர்களுக்குப் பாதுகாப்பான முறையில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டவர். இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் பல ஆண்டுகள் பணியாற்றி அவ்வாறே கற்பித்தும் வந்தார்.

வரலாற்றுப் பின்னணி

எலும்பையும் மூட்டையும் கையால் சரிசெய்யும் வழக்கம் எல்லா நாடுகளிலும் பழங்காலம் முதல் இருந்துள்ளது. இங்கிலாந்தில் இத்தொழிலைச் செய்தோர் முறையான மருத்துவக் கல்வி இல்லாத எலும்பு வைத்தியர்களே. மருத்துவர்கள் இவர்களை ஏற்கவில்லை. எனினும் மருத்துவரிடம் குணமாகாத நோயாளிகள் இவர்களிடம் சென்று நலம் பெறுவதும் உண்டு. ஜேம்ஸ் பேஜட் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் 1867ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றிச் சொற்பொழிவாற்றி, எலும்பு வைத்தியர்கள் எத்தகைய நோய்களைக் குணப்படுத்துகிறார்கள் என்பதை மருத்துவர்கள் கவனித்து அறிய வேண்டும் என எடுத்துரைத்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பிணக்கு மேலும் முற்றியது. ஹெர்பர்ட் பார்க்கர் என்ற எலும்பு வைத்தியருக்கு உதவியாக நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்த பிரெடெரிக் ஆக்ஸம் என்ற மருத்துவரின் பெயர் 1911இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் அதே பார்க்கருக்கு 1922இல் சர் பட்டம் வழங்கப்பட்டது. அமெரிக்காவில் தோன்றிய ஆஸ்டியோபதி, கைரோபிராக்டிக் என்னும் இரு கைமருத்துவ முறைகளும் இக்காலத்தில் இங்கிலாந்தில் பரவின. முதுகெலும்பைத் தொட்டுச் சிகிச்சை அளிக்க உரியவர் யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்காத இக்காலத்தில்தான் சிரியாக்ஸ் மருத்துவம் பயின்றார்.

பிறப்பும் கல்வியும்

சிரியாக்ஸ் 1904ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். கைமருத்துவம் இவரது குடும்பத் தொழில் எனலாம். தாய்வழிப் பாட்டனார் ஹென்ரிக் கெல்கிரன் சுவீடன் நாட்டவர். உடற்பயிற்சி, பிடித்துவிடுதல், அதிர்வு முதலியவற்றைக் கொண்ட சுவீடிய முறையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துப் பெயர் பெற்றவர். தந்தை எட்கர் சிரியாக்ஸும் தாயும் மருத்துவப் பட்டம் பெற்று இம்முறையைப் பின்பற்றியவர்கள்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்வில் அண்டு கீஸ் கல்லூரியிலும், பின்னர் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையிலும் பயின்று 1929இல் மருத்துவரானார். எலும்பு அறுவைப் பிரிவில் பணியாற்றியபோது நோயாளிகள் இரு வகையாகப் பிரிவதைக் கண்டார். எலும்பு முறிவு, மூட்டுத் தேய்வு போன்றவை ஊடுகதிர்ப் படத்தில் தெரிந்தவர்களுக்கு நோய் என்னவென்று தெளிவாகச் சொல்லப்பட்டது. படத்தில் எதுவும் தெரியாதவர்களுக்கோ பொதுவாக வெப்பச் சிகிச்சையும் பிடித்துவிடுதலும் எழுதித்தரப்பட்டன. வலியின் இடம் கண்டறியப்படாமலேயே சிகிச்சை தொடங்கியது. இரண்டாம் வகையினரே எண்ணிக்கையில் மிகுதி. மென் திசுக்கள் ஊடுகதிர்ப் படத்தில் தெரியாததால், அவற்றைக் கையால் சோதித்தறியும் முறை ஒன்று தேவை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

சோதனை முறை

சிரியாக்ஸ் வகுத்த சோதனை எளிய உடற்கூற்றியலை அடிப்படையாகக் கொண்டது. அவர் திசுக்களை இரண்டாகப் பிரித்தார். தசையும் தசைநாணும் சுருங்கும் இயல்புடையவை. மூட்டுறை, பந்தகம், நரம்புறை போன்றவை சுருங்காதவை. மருத்துவர் மூட்டை அசையாமல் பிடித்துக்கொள்ள, நோயாளி எதிர்த்துத் தள்ளும்போது வலித்தால் குறை முதல் வகைத் திசுவில் இருக்கும். நோயாளி தளர்ந்திருக்க, மருத்துவர் தாமே மூட்டை அசைக்கும்போது வலித்தால் குறை பெரும்பாலும் இரண்டாம் வகையில் இருக்கும்.

மூட்டு முழுவதும் அழற்சியுற்றால் அதன் அசைவுகள் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் குறையும் என்றும் அவர் காட்டினார். சான்றாகத் தோள்மூட்டில் வெளிப்புறச் சுழற்சி மிக அதிகமாகவும், பக்கவாட்டில் கையை உயர்த்துதல் அதற்கு அடுத்தும், உட்புறச் சுழற்சி குறைவாகவும் பாதிக்கப்படும். அசைவின் இறுதியில் மருத்துவரின் கைக்குத் தெரியும் உணர்வையும் அவர் வகைப்படுத்தினார். எலும்போடு எலும்பு முட்டுவது போன்ற உணர்வு, தோலை இழுப்பது போன்ற உணர்வு, வில்லைப் போல மீண்டு வரும் உணர்வு ஆகியன அவற்றுட் சில. ஓர் இடத்துக் குறை வேறோர் இடத்தில் வலியாகத் தோன்றலாம் என்பதையும் அவர் வலியுறுத்தினார். கழுத்தில் அழுந்தும் நரம்பு வேர் கையில் வலிப்பது இதற்கு எடுத்துக்காட்டு.

முதுகுவலி பற்றிய கொள்கை

முள்ளெலும்பிடை வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலில் பரவும் வலி உண்டாகிறது என்பதை அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் இருவரும் 1934இல் வெளியிட்டனர். இதைத் தொடர்ந்து, 1945இல் லான்செட் இதழில் சிரியாக்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். திடீரென இடுப்பில் ஏற்படும் கடும் பிடிப்புக்குத் தசை காரணமன்று; இடம் பெயர்ந்த வட்டு தண்டுவடத்தின் உறையை அழுத்துவதே காரணம் என்பது அதன் கருத்து.

வட்டுப் பிதுக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். வட்டின் வெளிப்புற நார் வளையத்திலிருந்து பெயர்ந்த கடினமான துண்டு திடீரென வலியை உண்டாக்கும். அதைக் கையால் அசைத்து நகர்த்தலாம். நடுவிலுள்ள கூழ்ப்பகுதி மெல்லப் பிதுங்கினால் வலி சில மணிநேரத்தில் படிப்படியாகக் கூடும். அதற்கு இழுவைச் சிகிச்சையே (டிராக்‌ஷன்) ஏற்றது. இவ்விரண்டும் பயன்படாத நிலையில், திருவெலும்பின் கீழ்ப்பகுதித் துளை வழியாக 0.5 விழுக்காட்டுப் புரோகேன் கரைசலை 50 மில்லிலிட்டர் அளவு செலுத்தும் ஊசிமுறையை அவர் மேற்கொண்டார்.

இயன்முறை மருத்துவர்களுக்குப் பயிற்சி

புனித தாமஸ் மருத்துவமனையில் சிரியாக்ஸுக்கு முன் இத்துறையில் பணியாற்றியவர் ஜேம்ஸ் மென்னெல் (1880 – 1957). இயன்முறை மருத்துவர்களுக்கு மூட்டசைப்பைக் கற்பித்த முன்னோடி அவர். சிரியாக்ஸ் அம்மரபை ஏற்று விரிவாக்கினார்.

மருத்துவர்களுக்கு ஒவ்வொரு நோயாளியிடமும் நெடுநேரம் செலவிட இயலாது. முதுகை அசைக்கும் கைப்பழக்கமும் அவர்களுக்கு இல்லை. எலும்பு வைத்தியர்களுக்குக் கைப்பழக்கம் உண்டு; ஆனால் புற்றுநோயையும் எலும்புக் காசத்தையும் சாதாரண முதுகுவலியிலிருந்து பிரித்தறியும் கல்வி இல்லை. இயன்முறை மருத்துவர்கள் உடற்கூற்றியல் கற்றவர்கள், கையால் வேலை செய்து பழகியவர்கள், மருத்துவமனைக்குள் மருத்துவருடன் சேர்ந்து இயங்குபவர்கள். ஆகவே மருத்துவர் நோயைக் கண்டறிய, பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் சிகிச்சையைச் செய்வதே நோயாளிக்குப் பாதுகாப்பு என்பது சிரியாக்ஸின் வாதம். எலும்பு வைத்தியர்களை நாடி மக்கள் செல்வதற்கு மருத்துவத் துறையின் புறக்கணிப்பே காரணம் என்றும் அவர் குற்றம் சாட்டினார். இதனால் மருத்துவர்களின் வெறுப்பையும், ஆஸ்டியோபதி, கைரோபிராக்டிக் துறையினரின் எதிர்ப்பையும் ஒருசேரப் பெற்றார்.

பாதுகாப்பு விதிகள்

சிரியாக்ஸின் பயிற்சியில் கையை எங்கே வைப்பது என்பதற்கு முன், எந்த நோயாளியின் மீது கை வைக்கக்கூடாது என்பதே கற்பிக்கப்பட்டது. முதுகெலும்பை அசைக்கக்கூடாத நிலைகளாக அவர் கூறியவற்றுள் முக்கியமானவை:

- சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் புதிதாகத் தோன்றிய கோளாறு, மலவாய்ப் பகுதியில் உணர்ச்சிக் குறைவு. கீழ்முதுகின் நரம்புக் கற்றை அழுந்துவதன் அடையாளம் இது. அசைத்தால் நிலையான சேதம் நேரலாம்.
- தண்டுவடம் அழுந்துவதைக் காட்டும் கால் விறைப்பு, நடைத் தடுமாற்றம்.
- இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்ளுதல்.
- மூளைக்குச் செல்லும் கழுத்து இரத்தக்குழாயில் குறைபாடு இருப்பதற்கான அறிகுறி.
- முடக்குவாதத்தால் கழுத்தின் மேற்பகுதிப் பந்தகங்கள் தளர்ந்திருத்தல்.
- புற்றுநோய், தொற்று, எலும்பு முறிவு ஆகியவற்றால் எலும்பு வலுவிழந்திருத்தல்.

சிகிச்சையின்போதும் கட்டுப்பாடுகள் இருந்தன. கழுத்தை அசைக்கும்போது ஓர் உதவியாளர் நோயாளியின் கால்களைப் பிடித்துக்கொள்ள, வலுவான இழுவையைக் கொடுத்தபடியே திருப்ப வேண்டும். பெயர்ந்த துண்டு தண்டுவடத்தின் பக்கம் செல்லாமல் மூட்டின் நடுவை நோக்கி நகர இழுவை உதவும் என்று அவர் கருதினார். மயக்க மருந்து கொடுத்து முதுகெலும்பை அசைப்பதை அவர் ஏற்கவில்லை. விழித்திருக்கும் நோயாளிதான் வலி கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல முடியும். ஒவ்வோர் அசைவுக்குப் பின்னும் நோயாளியை மறுபடி சோதிக்க வேண்டும். முதுகுவலிக்காரர் படுத்த நிலையில் காலை நேராக எவ்வளவு உயர்த்த முடிகிறது என்று பார்ப்பது அத்தகைய ஒரு சோதனை. பலன் தெரிந்தால் அதே அசைவைத் திரும்பச் செய்யலாம். பலன் இல்லையெனில் வேறோர் அசைவை முயலலாம். வலி கூடினாலோ கீழ்நோக்கிப் பரவினாலோ நிறுத்திவிட வேண்டும்.

நூல்களும் மாணவர்களும்

சிரியாக்ஸின் முதன்மை நூல் டெக்ஸ்ட்புக் ஆப் ஆர்த்தோபீடிக் மெடிசின் என்பதாகும். இரு தொகுதிகளாக அமைந்த இந்நூலின் முதல் தொகுதி நோயறிதலைப் பற்றியது. 1947இல் வேறு பெயரில் வெளிவந்து, பலமுறை திருத்தப்பட்டு, 1982இல் எட்டாம் பதிப்பைக் கண்டது. இரண்டாம் தொகுதி கைமுறைகளையும் ஊசிமுறைகளையும் படங்களுடன் விளக்குகிறது.

இவரிடம் கற்ற இயன்முறை மருத்துவர்களுள் நார்வே நாட்டின் பிரெடி கால்டன்பார்ன் குறிப்பிடத்தக்கவர். ஆஸ்திரேலியாவின் ஜெப்ரி மெய்ட்லண்ட் 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்து வந்து சிரியாக்ஸ் உள்ளிட்டோரின் முறைகளைக் கண்டறிந்தார். பின்னர் மென்மையான, படிநிலைப்படுத்திய அசைவுகளைக் கொண்ட தனி முறையை வகுத்து 1964இல் நூலாக வெளியிட்டார். கைமுறைச் சிகிச்சை செய்யும் இயன்முறை மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1974இல் கனடாவின் மொன்றியல் நகரில் உருவானது.

இறுதிக் காலம்

1969இல் சிரியாக்ஸ் புனித தாமஸ் மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின் தனியாக மருத்துவம் பார்த்ததுடன், பல நாடுகளில் பயிற்சி வகுப்புகளும் நடத்தினார். 1977இல் இங்கிலாந்து அரசின் சுற்றறிக்கை ஒன்று, சிகிச்சை முறையையும் அளவையும் தாமே முடிவு செய்யும் உரிமையை இயன்முறை மருத்துவர்களுக்கு ஏற்றளித்தது. மருத்துவர் எழுதித்தர, இயன்முறை மருத்துவர் செய்தல் என்ற சிரியாக்ஸின் அமைப்பை இம்மாற்றம் கடந்து சென்றது. சோதித்து அறியும் பொறுப்பும் இதனால் இயன்முறை மருத்துவர்களுக்கே வந்து சேர்ந்தது. சிரியாக்ஸ் 1985ஆம் ஆண்டு காலமானார்.

திறனாய்வு

சிரியாக்ஸின் கொள்கைகள் அனைத்தும் நிலைபெறவில்லை. முதுகுவலிகளில் பெரும்பாலானவற்றை அவர் வட்டுக்கே உரியதாகக் கருதினார். காந்த அதிர்வுப் படங்கள் வந்த பின், வலியே இல்லாத பலருக்கும் வட்டுப் பிதுக்கம் இருப்பது தெரியவந்தது. பிதுங்கிய பகுதி காலப்போக்கில் தானே சுருங்குவதும் அறியப்பட்டது. கையால் அசைப்பதால் பெயர்ந்த துண்டு தன் இடத்திற்குத் திரும்புகிறது என்னும் விளக்கம் இன்று ஏற்கப்படுவதில்லை; வலியுணர்வும் தசை இறுக்கமும் சிறிது காலம் குறைவதே பலனுக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. அப்பலனும் அளவானதே. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, கைமுறைச் சிகிச்சையைத் தனியாக அன்றி உடற்பயிற்சியுடன் சேர்த்தே பரிந்துரைக்கிறது.

கழுத்தை வேகமாகத் திருப்புவது அரிதாக இரத்தக்குழாய்க் கிழிவுடனும் பக்கவாதத்துடனும் தொடர்புபடுத்தப்படுகிறது. மேற்சொன்ன பன்னாட்டுக் கூட்டமைப்பு கழுத்துச் சிகிச்சைக்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளுக்கான நெறிமுறையை வெளியிட்டு, 2020இல் திருத்தியது. சிரியாக்ஸின் விளக்கங்கள் மாறினாலும், முதலில் சோதனை, பிறகு சிகிச்சை, மீண்டும் சோதனை என்ற அவரது ஒழுங்கு இத்தகைய நெறிமுறைகளில் தொடர்கிறது.

தமிழகச் சூழலில்

இந்திய இயன்முறை மருத்துவக் கல்லூரிகளில் சிரியாக்ஸின் சோதனை முறையும், தசைநாணைக் குறுக்காக அழுத்தித் தேய்க்கும் அவரது முறையும் கற்பிக்கப்படுகின்றன. 2021இல் இயற்றப்பட்ட துணைநிலை மற்றும் உடல்நலத் தொழில்வல்லுநர் தேசிய ஆணையச் சட்டம் இயன்முறை மருத்துவத்தையும் உள்ளடக்கியது.

சிரியாக்ஸ் எழுப்பிய கேள்வி தமிழகத்திற்கும் பொருந்தும். இங்கும் சுளுக்கு வழிப்போரும் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியர்களும் நெடுங்காலமாக உள்ளனர். கால்கள் முன்னே வரப் பிறந்தவர் காலால் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கையும் உண்டு. பழவேற்காடு ஏரிக்கரையில் சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களில் வலை இழுப்போருக்கும் மீன்கூடை சுமப்போருக்கும் குனிந்து நிமிரும் வேலையே அன்றாட வேலை. அத்தகையோரின் இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே குறையும். ஆயினும் முதுகுவலியோடு சிறுநீர் அடைப்போ, மலவாய்ப் பகுதியில் மரத்துப்போதலோ, கால்களில் பலவீனமோ தோன்றினால், முதுகை யாரிடமும் மிதிக்கவோ திருகவோ விடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிரியாக்ஸ் தம் மாணவர்களுக்கு முதலில் கற்பித்த விதிகளுள் இதுவும் ஒன்று.