வில்லிஸ் காரியர் சரித்திரச் சுருக்கம்

சித்திரை பிறந்ததும் நமது புதுச்சேரியில் வெயிலினும் கொடியது ஒன்றுண்டு. அது கடலிலிருந்து வந்து உடலிற் படியும் ஈரக்காற்றே. வியர்வை சுரக்கும், உலராது. நம் முன்னோர் திண்ணையும் முற்றமும் வைத்து ஒருவாறு சமாளித்தனர். துரைமக்கள் பங்கா இழுப்பித்தனர். இக்காலத்திலோ நம்மிற் பலர் வீட்டில் குளிர்சாதன யந்திரம் வைத்திருக்கிறோம். அதற்கு மூலமானவரது சரித்திரத்தை அறிந்தோர் சிலரே. அதனை அறியின் யந்திரத்தைப் பேணும் வழியும் விளங்குமாதலின், ஈண்டுச் சுருங்க வரையத் துணிந்தோம்.

வில்லிஸ் ஹாவிலண்டு காரியர் 1876ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து அங்கோலா என்னும் சிற்றூரில், குடியானவர் குடும்பத்திற் பிறந்தார். இளமையில் பின்னக்கணக்கு அவருக்குச் சிறிதும் பிடிபடவில்லை. அன்னையார் ஆப்பிள் பழங்களைப் பாதியாகவும் காலாகவும் அரைக்காலாகவும் அறுத்துக் காட்டி விளங்கச் செய்தார். அவ்வன்னையார், மகனுக்குப் பதினொரு வயது நடக்கையிற் காலமானார். கைப்பொருள் குறைந்த காரியர் சிலகாலம் உபாத்தியாயராக வேலை பார்த்து, பின்பு உபகாரச்சம்பளம் பெற்றுக் கார்னெல் சர்வகலாசாலையிற் பயின்று, 1901இல் பட்டம் பெற்று, பபலோ நகரத்து யந்திரக் கம்பெனி ஒன்றில் வாரத்திற்கு 10 டாலர் சம்பளத்தில் அமர்ந்தார்.

மறு ஆண்டே அவருக்கு ஒரு சோதனை வந்தது. புருக்ளினில் இருந்த சாக்கட்-வில்ஹெல்ம்ஸ் அச்சுக்கூடத்தார் வர்ணப்படங்கள் அச்சிடுபவர். நிறத்துக்கு ஒருமுறையாக ஒரே தாளைப் பலமுறை பொறியிற் செலுத்தவேண்டும். கோடையின் ஈரத்தில் தாள் விரிந்தும் சுருங்கியும் போனமையால், ஒரு நிறத்தின்மேல் மற்றொன்று பொருந்தி விழவில்லை. தாளும் வேலையும் வீணாயின. மிஷன் அச்சுக்கூடத்தில் 1855ஆம் ஆண்டிலேயே தமிழ்-பிரெஞ்சு அகராதி அச்சேறிய ஊரினராகிய நமக்கு, ஈரத்தால் தாள் பொருமுதல் புதிய செய்தியன்று. காரியர் செய்தது இது: குளிர்நீர் ஓடும் குழாய்களின்மீது காற்றை விசிறியாற் செலுத்தினார். குளிர்ந்த நீர் வைத்த செம்பின் புறத்தே முத்துமுத்தாக நீர் கோப்பதை நாம் காண்கிறோமல்லவா? அவ்வாறே காற்றின் ஈரம் குழாய்களிற் படிந்து வடிந்தது. மக்களின் சுகத்துக்காக அன்றி, காகிதத்தின் சுகத்துக்காகவே இந்த யந்திரம் பிறந்ததென்பது நமக்கு வியப்பளிக்கிறது.

அவ்வாண்டின் இறுதியில் பிட்ஸ்பர்க் புகைவண்டி நிலையத்தில் மூடுபனி சூழ நின்றபோது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. மூடுபனி என்பது ஈரம் நிறைந்து இனிக் கொள்ளமாட்டாத காற்று. குளிர் மிகுந்தால் காற்றுக் கொள்ளும் ஈரம் குறையும். ஆகவே குளிர்ந்த நீரைத் தூவியே காற்றை உலர்த்தலாமென்று துணிந்தார். நீரால் உலர்த்துவதாவது என்று நகைக்கத் தோன்றும், கணக்கோ பிழைபடவில்லை. 1906 ஜனவரி 2ஆம் தேதி அதற்குப் பேடண்டு உரிமை பெற்றார்.

நம் வீட்டுப் பெட்டியில் நீர் தூவுதல் இல்லை; குளிர்ந்த குழாய்ச்சுருளே அத்தொழிலைச் செய்கிறது. சுருள் எப்போதும் நனைந்திருத்தலால், தூசி பட்டவுடன் சேறாகும். தூசியைத் தடுக்கவே முன்னே வலை உள்ளது. அது அடைபட்டாற் காற்றோட்டம் குன்றும். சுருளிற் பனிக்கட்டி உறையும். மின்சாரச் செலவு ஏறும். யந்திரம் கெட்டதென்று மெக்கானிக்கை அழைப்போம். அவர் வலையைக் கழுவிக் கொடுத்துக் கூலி பெற்றுச் செல்வார்! கோடையில் இரு வாரத்திற்கொருமுறை, மின்சாரத்தை முற்றும் நிறுத்திவிட்டு, வலையைக் கழற்றித் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி மாட்டுதல் சிறுவரும் செய்யத்தக்கதே. சுவரோரம் நீர் சொட்டினால், வடிகுழாயிற் பாசி அடைத்ததா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். கடற்கரையை அடுத்த தெருக்களில் வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளை உப்பு அரித்துவிடும். அவற்றை நல்ல நீரால், வேகமின்றிக் கழுவலாம். கேஸ் நிரப்புதலையும் கப்பாசிட்டரையும் தொழிலறிந்தார்க்கே விடுக. கப்பாசிட்டர், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் தன்னுள் மின்னைத் தேக்கி உயிருக்கே ஊறு செய்யவல்லது.

1911இல் காற்றின் ஈரமும் உஷ்ணமும் பற்றிய தம் சூத்திரங்களை அமெரிக்க யந்திர எஞ்சினீயர் சங்கத்தில் வெளியிட்டார். 1914இல் யுத்தம் மூண்டது. கம்பெனியார் இம்முயற்சியைச் சுருக்கிக்கொண்டனர். காரியர் மனந்தளராது, தோழர் அறுவருடன் சேர்ந்து 32,600 டாலர் திரட்டி, 1915இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1925இல் நியூயார்க் ரிவோலி நாடகசாலையில் அவரது யந்திரம் அமைந்தது. முதல்நாள் ஜனங்கள் கைவிசிறியோடு வந்து வீசிக்கொண்டிருந்தனர். அறை மெல்லக் குளிரவே ஒவ்வொருவராக விசிறியை மடியில் வைத்தனர்.

1950 அக்டோபர் 7ஆம் தேதி காரியர் காலமானார். அந்நாளில் அமெரிக்காவிலேயே வீட்டில் இவ்வியந்திரம் வைத்திருந்தோர் மிகச் சிலர்.