தேங்காய் சீனிவாசன்: ஒரு படத்தில் ஏமாற்றியவர், இன்னொரு படத்தில் ஏமாந்தவர்... யார் இவர்?

சேலையூரில் இருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போகும் ஷேர் ஆட்டோ. பக்கத்தில் இருந்த காலேஜ் பையன் மொபைலில் 'தில்லுமுல்லு' இன்டர்வியூ காட்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். ரஜினியைத் தெரியும். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர் யாருன்னு கேட்டால், உதட்டைப் பிதுக்கினான். 'குக் வித் கோமாளி' ஜெயிச்ச ஸ்ருத்திகாவோட தாத்தான்னு சொன்னதும்தான் நிமிர்ந்து பார்த்தான்.

அந்தத் தாத்தாதான் தேங்காய் சீனிவாசன். அவர் இறந்து 38 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பேருக்கு முன்னாடி தேங்காய் எப்படி வந்தது?

1937-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே குடும்பம் சென்னைக்கு வந்துவிட்டது. அப்பா ராஜவேல் நாடகக்காரர். மகனுக்கும் அதே ஆசை. ஆனா ஆசை சோறு போடாதே. படிப்பு முடிந்ததும் பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டி தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். அங்கே ரயில்வே நாடகக் குழு இருந்தது. பகலில் வேலை, சாயங்காலம் ஒத்திகை.

பிறகு வெளிக் குழுக்களிலும் நடிக்கத் தொடங்கினார். 'கல் மணம்' என்ற நாடகத்தில் அவருக்குத் தேங்காய் வியாபாரி வேஷம். நாடகம் பார்க்க வந்திருந்த கே.ஏ.தங்கவேலுவுக்கு அந்த நடிப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. இனிமேல் இவரைத் தேங்காய் சீனிவாசன் என்றே கூப்பிட வேண்டும் என்று மேடையிலேயே அறிவித்துவிட்டார். ஒரு பெரிய காமெடியன் இன்னொருவருக்கு வைத்த பெயர் இது. கடைசி வரைக்கும் கூடவே இருந்தது.

சினிமாவுக்குள் வந்தது 1965-ல், 'ஒரு விரல்' படத்தில். காமெடிப் படம் இல்லை, க்ரைம் கதை.

டீக்கடைக்காரர் சாமியார் ஆன கதை

அவரை ஊரே திரும்பிப் பார்த்தது 1972-ல். ஏவிஎம் தயாரித்த 'காசேதான் கடவுளடா'. எழுதி இயக்கியவர் சித்ராலயா கோபு. நம்ம மின்சார ரயில் ரூட்டில் தாம்பரம் தாண்டி தெற்கே போனால் வரும் செங்கல்பட்டுக்காரர். இயக்குநர் ஸ்ரீதரின் பள்ளித் தோழர். 'காதலிக்க நேரமில்லை' சிரிப்பில் பெரிய பங்கு இவருடையது. 'காசேதான் கடவுளடா' முதலில் மேடை நாடகமாக வந்தது. கோபு இயக்கிய முதல் படமும் அதுதான்.

கதை சிம்பிள். வீட்டுப் பணம் முழுவதும் சித்தி மனோரமா கையில். அவர் அனுமதி இல்லாமல் ஒரு பைசா வெளியே வராது. முத்துராமனும் ஸ்ரீகாந்தும் அந்தப் பணத்தை அடிக்கத் திட்டம் போடுகிறார்கள். சித்திக்குச் சாமியார் என்றால் உருக்கம். அதனால் தெரிந்த டீக்கடைக்காரர் ஒருவருக்குக் காவி கட்டி வீட்டுக்குள் இறக்குகிறார்கள். அந்த டீக்கடைக்காரர்தான் தேங்காய்.

இதில் அவர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். டீக்கடையில் பேசுவது சுத்தமான மெட்ராஸ் பாஷை. சித்தி முன்னால் பேச வேண்டியது ஆன்மிக பாஷை. நடுவில் எப்போ வேண்டுமானாலும் ஒன்று நழுவி இன்னொன்று வெளியே வந்துவிடும். அந்தப் பயம்தான் காமெடி. அவர் சாமியாரைக் கிண்டல் செய்து நடிக்கவில்லை. சாமியார் வேஷத்தில் மாட்டிக்கொண்ட ஒரு கடைக்காரனின் நடுக்கத்தை நடித்தார். அதனால்தான் நாம் திருடர்கள் பக்கம் நிற்கிறோம். அந்த மெட்ராஸ் பாஷை பெரம்பூர் தொழிற்சாலை நாட்களில் காதில் விழுந்து ஒட்டிக்கொண்டதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

குடும்பமும் திருட்டும் கலந்த சிரிப்புப் படம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. டென்மார்க்கில் 1968-ல் 'ஓல்சன் கும்பல்' என்று ஒரு படம் வந்தது. ஜெயிலில் இருந்து வெளியே வரும் எகோன், கையில் ஒரு பக்கா திட்டம், உடைக்க வேண்டிய ஒரு இரும்புப் பெட்டி, கூட இரண்டு கூட்டாளிகள், அதில் ஒருத்தரின் வாயாடி மனைவி. கடைசியில் திட்டம் சொதப்பி எகோன் திரும்பவும் உள்ளே. இதே கணக்கில் 14 படங்கள் எடுத்தார்கள். நார்வேயும் ஸ்வீடனும் தங்களுக்கென்று தனியாக எடுத்துக்கொண்டன. அங்கே பெட்டியைத் திறக்க ஸ்டெதஸ்கோப் வைப்பார்கள். இங்கே விபூதி போதுமாக இருந்தது, அவ்ளோதான் வித்தியாசம்.

ஹீரோவாகவும் நடித்தாரா?

நடித்தார். 1974-ல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'கலியுக கண்ணன்' படத்தில் கதையைத் தாங்குவது அவர்தான். ஜெய்சங்கர் இருந்தும்கூட அது தேங்காய் படம். 'போர்ட்டர் பொன்னுசாமி'யும் அப்படித்தான். ஆனா அந்தப் பாதை நீளவில்லை. எம்.ஜி.ஆருடன் 'இதயக்கனி' போன்ற படங்கள், பிறகு ரஜினி படங்கள் என்று துணை வேஷங்களில்தான் அதிகம் தெரிந்தார். காமெடியன் என்று ஒரே சொல்லில் அவரை அடைத்துவிடுகிறோம். 1980-ல் வந்த 'பில்லா'வைப் பாருங்க. மனைவியின் சிகிச்சைக்காகத் திருடப் போய் மாட்டிக்கொண்டு, ஜெயிலில் இருந்து வந்து பிள்ளைகளைத் தேடி அலைகிற ஜே.ஜே. அந்த வேஷத்தில் சிரிக்க ஒன்றுமே இல்லை.

அடுத்த வருஷமே 'தில்லுமுல்லு'. 1981 மே 1-ல் ரிலீஸ். கே.பாலசந்தர் இயக்கம், ஹிந்தி 'கோல் மால்' படத்தின் தமிழ். ஸ்ரீராமச்சந்திரமூர்த்தி என்ற முதலாளி வேஷம் தேங்காய்க்கு. இளைஞன் என்றால் மீசை இருக்கணும், விளையாட்டு கிளையாட்டு என்று அலையக் கூடாது. அவர் கண்டிஷன்கள் அப்படி. வேலைக்காக ரஜினி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். அப்புறம் ஃபுட்பால் மேட்சில் முதலாளி கண்ணில் பட்டதும், மீசை இல்லாத தம்பி ஒருவனைக் கற்பனையாக உருவாக்குகிறார். இல்லாத அம்மாவுக்காக சௌகார் ஜானகி வருகிறார். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய்.

இந்தப் பொய்கள் எல்லாம் நிற்பது யார் தோளில்? நம்புகிறவர் தோளில். தேங்காய் ஒரு இடத்தில், ஒரே ஒரு இடத்தில், நமக்காகக் கண்ணடித்து இருந்தாலும் படம் காலி. அவர் கண்ணடிக்கவே இல்லை. முழுசாக நம்புகிறார், முழுசாகக் கோபப்படுகிறார், நம்பாமல் திட்டிவிட்டோமே என்று முழுசாக வருத்தப்படுகிறார். ஒன்பது வருஷம் முன்னாடி காவி கட்டி ஒரு வீட்டை ஏமாற்றியவர், இங்கே ஒட்டு மீசையை நம்பி ஏமாறுகிறார். ரஜினிக்குக் காமெடி வரும் என்று இந்தப் படத்தை வைத்துத்தான் இன்னைக்கும் பேசுகிறோம். அதில் பாதி மார்க் எதிர் நாற்காலிக்குப் போகணும்.

கடைசி வருஷம்

1987-ல் அவரே தயாரிப்பாளராகவும் இறங்கினார். சிவாஜியும் மோகனும் நடித்த 'கிருஷ்ணன் வந்தான்'. படம் கைகொடுக்கவில்லை, பணம் போனது. அதே வருஷம் நவம்பரில் பெங்களூரு போயிருந்தபோது மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்துபோனார். வயசு 50 தான்.

இரண்டு படங்களும் பிறகு ரீமேக் ஆயின. 2013-ல் 'தில்லு முல்லு', 2023-ல் 'காசேதான் கடவுளடா'. இரண்டிலும் ஹீரோ மிர்ச்சி சிவாதான். ஆனா தேங்காய் நடித்த வேஷங்களுக்கு மட்டும் ஒரே ஆள் கிடைக்கவில்லை. முதலாளிக்குப் பிரகாஷ் ராஜ் வந்தார், சாமியாருக்கு யோகி பாபு வந்தார்.